பூஜ்யம் வந்தால் பயன்படவில்லை என்று அர்த்தமா? குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் கேட்பாரற்ற கஸ்டம் ரிசோர்ஸ்களை எண்ணுவது

"கிளஸ்டரில் முந்நூறு சிஆர்டி இருக்கிறது. பாதி சும்மாதான் கிடக்கிறது, எடுத்துப் போட்டுவிடலாம்." கிளவுட் பில் ஏறும்போதோ, ஏபிஐ சர்வரின் மெமரி கூடும்போதோ, மீட்டிங்கில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். சிஆர்டி என்பது குபர்நெட்டிஸில் நாமே சேர்க்கும் புதுப் பொருள் வகையின் வரையறை, விவரம் கீழே வரும். முந்நூறு என்பதில் சந்தேகமில்லை, பட்டியல் எடுத்தால் தெரிந்துவிடும். பாதி சும்மா என்பது எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எண்ணிப் பார்த்தோம், பூஜ்யம் வந்தது" என்பதுதான்.

அந்தப் பதில் போதாது. பூஜ்யம் வந்த ஒன்று மிக அவசியமானதாக இருக்கலாம். ஐம்பது வந்த ஒன்று செத்துப்போய் இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது, சரியாக எண்ணுவது எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம். குபர்நெட்டிஸ் என்பது கன்டெய்னர்களை, அதாவது தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய நிரல் பொதிகளை, பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு, அப்படிச் சேர்ந்து இயங்கும் கணினிக் கூட்டம் கிளஸ்டர் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

## படிவம், மனு, எழுத்தர்

ஒரு தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கு ஒரு படிவம், பட்டா மாறுதலுக்கு ஒரு படிவம். நீங்கள் அதைப் பூர்த்தி செய்து ஜன்னலில் கொடுக்கிறீர்கள். ஜன்னலில் இருப்பவர் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார், முத்திரை போட்டு அலமாரியில் வைக்கிறார். உள்ளே அந்தப் பிரிவின் எழுத்தர் அலமாரியைப் பார்த்து மனுவை எடுத்து, செய்ய வேண்டியதைச் செய்து, மனுவின் ஓரத்தில் நிலவரத்தை எழுதி வைக்கிறார்.

குபர்நெட்டிஸும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. ஜன்னல்தான் ஏபிஐ சர்வர். எந்த மனு போனாலும் வந்தாலும் அதன் வழியாகத்தான். அலமாரிதான் எட்சிடி என்ற தரவுக்கிடங்கு. எழுத்தர்தான் கன்ட்ரோலர், அதாவது ஒரு வகை மனுவை இடைவிடாமல் கவனித்து, அதில் கேட்டிருப்பதை நடத்திக்காட்டும் நிரல்.

பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு), சர்வீஸ் (பாட்களை அணுகும் நிலையான முகவரி), டிப்ளாய்மென்ட் போன்ற சில படிவங்கள் குபர்நெட்டிஸுடனேயே வருகின்றன. புதிதாக ஒரு படிவத்தை நாமே அச்சடித்துச் சேர்க்க முடிந்தால்? அந்த வசதி 2017-இல், 1.7 பதிப்பில் வந்தது. அதன் பெயர் கஸ்டம் ரிசோர்ஸ் டெஃபினிஷன், சுருக்கமாக சிஆர்டி. சிஆர்டி வெறும் படிவம். அதைப் பூர்த்தி செய்து கொடுத்த ஒவ்வொரு மனுவும் ஒரு கஸ்டம் ரிசோர்ஸ். படிவத்தோடு சேர்த்து அதற்கான எழுத்தரையும் ஒரே பொதியாகத் தந்தால் அது ஆபரேட்டர். 2016-இல் கோர்ஓஎஸ் நிறுவனம் வைத்த பெயர் இது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜன்னலில் இருப்பவருக்கு உள்ளே எழுத்தர் இருக்கிறாரா என்று தெரியாது. எழுத்தர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தாலும் மனு வாங்கப்படும், முத்திரை விழும், அலமாரியில் ஏறும். உங்கள் திரையில் 'உருவாக்கப்பட்டது' என்று வரும்.

சுருக்கமாக: சிஆர்டி படிவம், கஸ்டம் ரிசோர்ஸ் மனு, கன்ட்ரோலர் எழுத்தர். மூன்றும் தனித்தனி. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருக்கிறது என்று ஆகாது.

## 'சும்மா கிடக்கிறது' என்பதில் மூன்று வகை

பேச்சு வழக்கில் 'பயன்படாதது' என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு நிலைமைகளுக்குச் சொல்லிவிடுகிறோம்.

முதல் வகை, மனுவே இல்லாத படிவம். சிஆர்டி இருக்கிறது, கஸ்டம் ரிசோர்ஸ் ஒன்றுகூட இல்லை. இது பெரும்பாலும் ஹெல்ம் வழியாக வரும். ஹெல்ம் என்பது மென்பொருள் பொதிகளைக் கிளஸ்டரில் நிறுவும் கருவி. அதன் மூன்றாம் பதிப்பில், பொதியின் சிஆர்டி கோப்புறையில் வைத்த படிவங்கள் நிறுவும்போது ஏறும், பொதியை நீக்கும்போது இறங்காது. இது பிழையல்ல, தெரிந்தே செய்தது. ஒரு சிஆர்டியை நீக்கினால் அந்த வகையில் கொடுத்த அத்தனை கஸ்டம் ரிசோர்ஸ்களும் கூடவே அழிந்துபோகும். அந்தப் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொள்ள ஹெல்ம் மறுக்கிறது. அதனால் 'சோதித்துப் பார்ப்போம்' என்று போட்டு எடுத்த ஒவ்வொரு கருவியும் தன் படிவங்களை விட்டுவிட்டுப் போகிறது.

இரண்டாவது வகை, எழுத்தர் போய்விட்ட மனு. கஸ்டம் ரிசோர்ஸ் இருக்கிறது, கவனிக்கக் கன்ட்ரோலர் இல்லை.

மூன்றாவது வகை, எழுத்தரும் இருக்கிறார், மனுவும் இருக்கிறது, பலன் யாருக்கும் இல்லை. நீக்கப்பட்ட ஒரு வலைத்தளத்துக்கு இன்னும் டிஎல்எஸ் சான்றிதழ் (தளத்தோடு பேசுவது பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) புதுப்பித்துக்கொண்டே இருப்பது இந்த வகை.

எண்ணிக்கை நேரடியாகக் காட்டுவது முதல் வகையை மட்டும்தான். அதையும் அரைகுறையாகத்தான்.

## எண்ணும் வேலை, அது தப்பும் இடங்கள்

எண்ணுவது என்னவோ எளிது. கியூப்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியில் சிஆர்டிகளின் பட்டியலைக் கேளுங்கள். அப்புறம் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், எல்லா நேம்ஸ்பேஸிலும் உள்ள மனுக்களைக் கேட்டு வரிகளை எண்ணுங்கள். நேம்ஸ்பேஸ் என்பது கிளஸ்டருக்குள் போட்ட தடுப்பு அறை. ஐந்து வரி ஸ்கிரிப்ட் போதும். அந்த ஐந்து வரியில்தான் தவறுகள் நுழைகின்றன.

'எல்லா நேம்ஸ்பேஸும்' என்று சொல்ல மறந்தால், கருவி அப்போது தேர்வாகியிருக்கும் ஒரே அறையை மட்டும் பார்த்துவிட்டு 'எதுவும் இல்லை' என்று சொல்லும். பூஜ்யம்.

உங்கள் கணக்குக்கு அந்த வகையைப் படிக்க அனுமதி இல்லையென்றால் 'தடை' என்ற பிழைச் செய்தி வரும். திரை சுத்தமாக இருக்கட்டும் என்று பிழைச் செய்திகளை ஒதுக்கித் தள்ளும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், அதுவும் பூஜ்யமாகவே பதிவாகும். இது எனக்கு மிகவும் பயம் தரும் பூஜ்யம். கதவு பூட்டியிருந்தது என்பதை அறை காலி என்று எழுதிக்கொள்கிறோம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். கேநேட்டிவ் என்ற கருவியிலும் 'சர்வீஸ்' என்ற படிவம் உண்டு, குபர்நெட்டிஸின் சொந்தப் படிவத்துக்கும் அதே பெயர். வெறுமனே 'சர்வீஸ்' என்று கேட்டால் வருவது குபர்நெட்டிஸின் சொந்தச் சர்வீஸ்களின் எண்ணிக்கை. 'கிளஸ்டர்' என்ற பெயரில் படிவம் வைத்திருக்கும் ஆபரேட்டர்களும் ஒன்றுக்கு மேல். அதனால் எப்போதும் குழுப் பெயரோடு சேர்ந்த முழுப் பெயரைத்தான் கேட்க வேண்டும். சிஆர்டி பட்டியலில் முதல் நெடுவரிசையில் வருவது அந்த முழுப் பெயர்தான், அதை அப்படியே எடுத்தால் போதும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே படிவத்துக்கு ஆல்ஃபா, பீட்டா, இறுதி என்று பல பதிப்புகள் ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கலாம். அலமாரியில் மனு ஒன்றுதான், ஒவ்வொரு பதிப்பின் கண்ணாடி வழியாகவும் அதே மனு தெரியும். மூன்று பதிப்புக்கும் எண்ணிக் கூட்டினால் ஐம்பது மனு நூற்றைம்பதாகிவிடும்.

கையால் எண்ணுவதைவிட எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. ஒவ்வொரு வகையிலும் எத்தனை பொருள்கள் சேமிப்பில் உள்ளன என்பதை ஏபிஐ சர்வரே ஓர் அளவீடாக வெளியிடுகிறது. புரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவி அதைச் சேகரித்து வைத்திருந்தால், இன்றைய எண் மட்டுமில்லாமல், மூன்று மாதத்து வரைபடமே கையில் இருக்கும். ஏன் மூன்று மாதம் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

கோர் என்றொரு திறந்தமூலக் கருவியும் இருக்கிறது. பயன்படாத கான்ஃபிக்மேப் (நிரலுக்கான அமைப்பு மதிப்புகள்), சீக்ரெட் (கடவுச்சொல், சாவி போன்ற ரகசியங்கள்) முதல் மனுவில்லாத சிஆர்டி வரை பட்டியல் போட்டுத் தரும். நல்ல தொடக்கம். ஆனால் அது சொல்வது முதல் வகையைப் பற்றி மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

## ஏமாற்றிய பூஜ்யம்

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. டிஎல்எஸ் சான்றிதழ்களை சர்ட்-மேனேஜர் என்ற ஆபரேட்டர் பார்த்துக்கொண்டது. அது ஆறு படிவங்களைக் கொண்டுவரும்: சர்டிஃபிகேட், இஷ்யூயர், கிளஸ்டர் இஷ்யூயர், சர்டிஃபிகேட் ரிக்வெஸ்ட், ஆர்டர், சேலஞ்ச். துப்புரவுக்காக எண்ணியபோது ஐந்தில் எண் இருந்தது. சேலஞ்ச்சில் பூஜ்யம். மறுநாள் எண்ணியபோதும் பூஜ்யம். ஒரு வாரம் விட்டு எண்ணினோம், அப்போதும் அதேதான். இன்னும் சில பூஜ்யங்களோடு சேர்த்து அதையும் நீக்கினோம். எதுவும் உடையவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

ஏழு வாரம் கழித்து ஒரு காலையில், வாடிக்கையாளர்கள் பார்க்கும் பக்கத்தில் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது.

சேலஞ்ச் என்பது சில நிமிடங்களே வாழும் மனு. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற ஒரு சான்றிதழ் நிறுவனம், 'இந்த டொமைன் உன்னுடையது என்று நிரூபி' என்று கேட்கும்போது சர்ட்-மேனேஜர் ஒரு சேலஞ்ச்சை உருவாக்கும். நிரூபணம் முடிந்து ஆர்டர் நிறைவேறியதும் அதை அழித்துவிடும். எங்களுடைய 90 நாள் சான்றிதழ்கள், காலாவதிக்கு 30 நாள் முன்பு புதுப்பிக்கத் தொடங்கும். அதாவது ஒரு சான்றிதழுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டும், அந்த எண் பூஜ்யத்தைத் தாண்டும். நாங்கள் எண்ணிய மூன்று தடவையும் அந்த நிமிடங்களில் விழவில்லை, அவ்வளவுதான். படிவத்தை நீக்கிய பிறகு புதுப்பிக்கும் நாள் வந்தபோது ஆர்டரால் சேலஞ்ச்சை உருவாக்க முடியவில்லை. அந்த 30 நாள் அவகாசமும் யாருக்கும் தெரியாமல் கரைந்தது. கன்ட்ரோலரின் லாகில் 'இந்த வகையைக் காணோம்' என்ற வரி நீக்கிய நிமிடத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

அதனால்தான் மூன்று மாத வரைபடம் என்றேன். 90 நாள் சுழற்சியில் இயங்கும் ஒன்றை ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. வரைபடத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்த அளவீடு சுமார் நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், ஒரு நிமிடத்துக்குள் பிறந்து மறையும் மனு அதில் விழாமலே போகலாம்.

சுருக்கமாக: பூஜ்யம் என்பது நீங்கள் பார்த்த அந்த நொடியின் நிலவரம். படிவத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அது சொல்லவில்லை.

## எண் இருந்தும் உயிர் இல்லாதவை

பூஜ்யத்தை எல்லோரும் சந்தேகப்பட்டாவது பார்க்கிறார்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது இரண்டாவது வகை, எழுத்தர் இல்லாத மனு. அதை யாரும் 'பயன்படாதது' பட்டியலில் சேர்ப்பதே இல்லை, ஏனென்றால் எண் இருக்கிறது.

ஒரு கிளஸ்டரின் நெட்வொர்க் வேலையை சிலியம் பார்த்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 'இந்த டேட்டாபேஸுக்குப் பில்லிங் பாட்கள் மட்டுமே பேசலாம்' என்பது போன்ற விதிகள் சிலியத்தின் சொந்தப் படிவத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, நாற்பது மனுக்கள். பிறகு கிளஸ்டர் வேறொரு நெட்வொர்க் கருவிக்கு மாறுகிறது. படிவமும் நாற்பது மனுவும் அப்படியே இருக்கின்றன. அந்தப் படிவத்தைப் புதிய கருவி படிக்காது. பட்டியல் கேட்டால் நாற்பது வரும். பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவரும் நாற்பது என்று குறித்துக்கொள்வார். சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் சுவரின் வரைபடம் மட்டும்தான் இருக்கிறது. நாற்பத்தொன்றாவது விதியை நாளைக்கு யாராவது எழுதினாலும் 'உருவாக்கப்பட்டது' என்றே வரும்.

வெலேரோ என்ற பேக்கப் கருவியிலும் இதே ஆபத்து. 'தினமும் இரவு பேக்கப் எடு' என்ற ஷெட்யூல் மனு இருக்கும், கருவி ஓடாமல் போயிருக்கும். பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் தொடரும்.

இப்படிப்பட்டவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? மனுவின் ஓரத்தில் எழுத்தர் எழுதும் நிலவரம் என்றேனே, குபர்நெட்டிஸில் அதற்கு ஸ்டேட்டஸ் என்று பெயர். மனுவில் ஒரு வரிசை எண்ணும் உண்டு, ஜெனரேஷன் என்பார்கள். நீங்கள் கோரிக்கையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று கூடும். ஒழுங்கான கன்ட்ரோலர், தான் கடைசியாகப் படித்த வரிசை எண்ணை ஸ்டேட்டஸில் குறித்து வைக்கும். மனு 7-ஆம் எண்ணில் இருக்க, ஸ்டேட்டஸ் 4 என்று சொன்னால், கடைசி மூன்று திருத்தங்களை யாரும் படிக்கவில்லை.

ஆனால் எழுத்தர் போன பிறகு யாரும் மனுவைத் திருத்தவே இல்லையென்றால்? இரண்டு பக்கமும் 4 என்றே இருக்கும். 'தயார்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று இருக்கும். நோயாளி இறந்த பிறகும் கட்டில் ஓரத்தில் தொங்கும் அட்டையில் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதியிருப்பதைப் போல அது. எழுதிய நாளில் அது உண்மை. அதனால் ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது என்பதோடு, எப்போது எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மனுவின் உள்ளேயும் எந்த நிரல் எந்தப் பகுதியை எப்போது கடைசியாகத் தொட்டது என்ற பதிவு உண்டு. சாதாரணமாக மறைத்து வைக்கப்பட்டிருக்கும், கேட்டால் காட்டும். 2 வருடமாக ஸ்டேட்டஸை யாரும் தொடவில்லை என்றால் போய் எழுத்தரைத் தேடுங்கள்.

## சரியான கேள்வி: யார் படிக்கிறார்கள்?

முதல் இரண்டு வகைக்கும் விடை ஒரே கேள்வியில் இருக்கிறது. இந்தப் படிவத்தை யார் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்? கன்ட்ரோலர் என்பது ஜன்னலருகே நின்று 'இந்த வகையில் புதிதாக ஏதாவது வந்ததா' என்று தொடர்ந்து கேட்பது. இதற்கு வாட்ச் என்று பெயர். மனு பூஜ்யமாக இருந்தாலும் வாட்ச் இருக்கும். எங்கள் சேலஞ்ச் கதையில் நாங்கள் இதைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஏபிஐ சர்வரின் ஆடிட் லாக் என்ற தணிக்கைப் பதிவை இயக்கி வைத்திருந்தால், எந்தக் கணக்கு எந்த வகையை வாட்ச் செய்கிறது என்று அதில் வரும். அங்கே ஒரு சலிப்பான வேலை உண்டு. எல்லா வகையையும் பொதுவாகக் கவனிக்கும் சில கணக்குகள் எந்தப் படிவத்துக்கும் வந்து நிற்கும். குபர்நெட்டிஸின் சொந்தக் குப்பை அகற்றி அப்படித்தான், ஆர்கோ சிடி போன்ற நிறுவல் கருவிகளும் அப்படித்தான். அவற்றைக் கழித்துவிட்டு மீதி யார் என்று பாருங்கள். மீதி யாரும் இல்லையென்றால்தான் எழுத்தர் இல்லை.

தணிக்கைப் பதிவு இல்லாத இடத்தில் அனுமதிப் பட்டியலைத் திருப்பிப் படிக்கலாம். இந்தக் குழுப் பெயரைப் படிக்க எந்த சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு (நிரல்கள் பயன்படுத்தும் கணக்கு) அனுமதி தரப்பட்டிருக்கிறது, அந்தக் கணக்கில் இப்போது ஏதாவது பாட் ஓடுகிறதா? ஏறக்குறைய சரியான விடை வந்துவிடும்.

மூன்றாவது வகைக்கு, அதாவது பலனில்லாத மனுவுக்கு, பொதுவான கருவி கிடையாது. ஒவ்வொரு வகைக்கும் 'பயன்' என்பது வேறு. சர்டிஃபிகேட் என்றால், அதிலிருந்து பிறந்த சீக்ரெட்டை ஏதாவது இன்கிரஸோ (வெளியிலிருந்து வரும் வலைக் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் விதி) பாடோ சுட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சர்வீஸ் மானிட்டர் (எந்த சர்வீஸ்களைக் கண்காணிக்க வேண்டும் என்று புரோமிதியஸுக்குச் சொல்லும் மனு) என்றால், அது தேடும் லேபிளோடு ஒரு சர்வீஸாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கிளஸ்டரில் அதிகம் உள்ள இரண்டு மூன்று வகைகளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

## இதற்கெல்லாம் எவ்வளவு செலவு?

காலியாகக் கிடக்கும் பத்து சிஆர்டிகளால் பெரிய நஷ்டம் இல்லை. நூற்றுக்கணக்கில் போகும்போதுதான் வலிக்கும், ஏனென்றால் மனு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு படிவத்தின் அமைப்பையும் ஏபிஐ சர்வர் மெமரியில் வைத்திருக்க வேண்டும், சில மெகாபைட் ஆகும். கிளவுட் சேவைகளையும் மனு வழியாகவே உருவாக்கும் கிராஸ்பிளேன் என்ற கருவியின் ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) பொதி ஒரு காலத்தில் சுமார் 900 படிவங்களை ஒரேயடியாகக் கொண்டுவந்தது. பெரும்பாலானோர் பயன்படுத்தியது அதில் ஒரு சிறு பகுதிதான். சிறிய கிளஸ்டர்கள் திணறின, 2023-இல் அதைச் சேவைவாரியாகப் பிரித்தார்கள்.

மனுக்கள் குவிவது வேறு செலவு. எட்சிடிக்கு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 2 ஜிபி, பரிந்துரைக்கப்படும் உச்சம் 8 ஜிபி. வரம்பைத் தொட்டால் கிளஸ்டர் புதிதாக எதையும் எழுத மறுக்கும்.

## நீக்கும் வரிசை

எல்லாம் பார்த்தாயிற்று, நீக்கலாம் என்று முடிவு. சரி, எதை முதலில்?

முதலில் அந்த வகையின் எல்லா மனுக்களையும் படிவத்தையும் யாமெல் என்ற உரை வடிவக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். பிறகு மனுக்கள், அதன் பின் எழுத்தர், கடைசியில் படிவம். இந்த வரிசை மாறக் கூடாது. பல மனுக்களில் ஃபைனலைசர் என்றொரு முடிச்சு இருக்கும். 'நான் செய்ய வேண்டிய துப்புரவு முடியும் வரை இதை அழிக்காதே' என்று கன்ட்ரோலர் போட்டு வைத்தது. அதை அவிழ்க்க வேண்டியதும் அதே கன்ட்ரோலர்தான். எழுத்தரை முதலில் அனுப்பிவிட்டால் முடிச்சை அவிழ்க்க ஆள் இல்லை. மனு 'அழிந்துகொண்டிருக்கிறது' என்ற நிலையில் மாதக்கணக்கில் நிற்கும், அது இருக்கும் நேம்ஸ்பேஸையும் அழிய விடாது. ஏற்கெனவே அநாதையாகிவிட்ட மனு என்றால் முடிச்சைக் கையால் எடுக்கலாம், ஆனால் அது எந்தத் துப்புரவுக்காகப் போடப்பட்டது என்று படித்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக, மனுவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிராஸ்பிளேனில் ஒரு டேட்டாபேஸுக்கான மனுவை நீக்கினால், கிளவுடில் உள்ள உண்மையான டேட்டாபேஸும் சேர்ந்து நீங்கும், இயல்பான அமைப்பு அதுதான். அப்படி வேண்டாம் என்றால் நீக்குவதற்கு முன்பே 'வெளியே இருப்பதை அழிக்காதே' என்று மனுவில் மாற்றி வைக்க வேண்டும். நீக்கிய பிறகு மாற்ற மனு இருக்காது.